டேமில் சாப்பிட்டால் தனி ருசி

போன வாரம் சாத்தனூர் டேம் நிரம்பிவிட்டது. ஷட்டரைத் திறந்துவிட்டதை டிவியில் காட்டினார்கள். அவ்வளவுதான்... வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு இருப்புக் கொள்ளுமா? ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசிவிட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் மருமகள் வசந்தி கேட்டாள். கையில் போன், கண்ணும் போனில்.

"அத்தை, டேமுக்கு வர்றீங்களா?"

"நீங்க போய்ட்டு வாங்கம்மா."

"சரி அத்தை. புளிசாதம் மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க."

முடிந்தது பேச்சு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு டேமுக்குப் போக ஆசை. நேற்று முளைத்த ஆசை இல்லை – கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இருக்கிறது. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னேன்?

கேட்ட உடனே "வரேன்" என்று கிளம்ப எனக்கு வராது. வெட்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் பாருங்கள். "போதும் போதும்" என்று இலையைக் கையால் மறைக்கிறோம். பாயசக்காரர் அதை நம்பிப் போய்விட்டால் முகம் என்ன ஆகும்? அந்தப் "போதும்" ஒரு மரியாதைக்கு. இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டாம் தடவை கேட்டால் கொஞ்சம் இழுப்போம். மூன்றாம் தடவைக்குப் புடவை மாற்றப் போயிருப்போம்!

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாது. பஸ் டிப்போவில் மெக்கானிக். இரும்போடு பழகியவர், பேச்சு ரொம்பக் கம்மி. எதையும் ஒரு தடவைதான் கேட்பார். வருஷா வருஷம் டேம் நிரம்பித் தெருவே வேனில் கிளம்புகிற அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான்.

"டேமுக்குப் போறோம். வர்றியா?"

"நீங்க போய்ட்டு வாங்க."

"சரி."

சட்டையை மாட்டிக்கொண்டு வேனைக் கூட்டி வர நடந்துவிடுவார். நான் அடுப்படியில் நின்றபடி, அவர் செருப்புச் சத்தம் தெருமுனையைத் தாண்டுகிற வரைக்கும் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்க மாட்டாரா?

கேட்கவே மாட்டார்.

முதலில் மாமியார் படுக்கையில் இருந்தார், சாக்கு இருந்தது. அப்புறம் மாடு. மாட்டை விற்ற பிறகு குழாய்த் தண்ணீர் – அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் சாக்கே வேண்டியிருக்கவில்லை. "அவங்களுக்கு டேமெல்லாம் பிடிக்காது" என்று எல்லோருமே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது... சிரிக்க மாட்டார்களா?

ஆனால் புளிசாதம் என்னுடையதுதான். விடியலில் எழுந்து புளிக்காய்ச்சல் காய்ச்சி, கீழ்பென்னாத்தூர் நாத்தனார் வீட்டு வேர்க்கடலையை வறுத்துப் போட்டுக் கிளறி, பெரிய தூக்குவாளியில் அடைத்து வேனில் ஏற்றுவேன். வேன் போன பிறகு, சட்டியில் ஒட்டியதை நின்றபடியே வழித்துச் சாப்பிடுவேன்.

சாயங்காலம் காலித் தூக்கோடு அவர் வருவார். தூக்கை அடுப்படி வாசலில் வைப்பார். வைத்துவிட்டுப் போக மாட்டார், நிற்பார்.

"படிக்கட்டுப் பக்கமா ஒரு புங்கமரம் இருக்குது. அதுக்குக் கீழ உக்காந்து சாப்ட்டா இந்தப் புளிசாதம் தனி ருசி. ஒரு வாட்டி நீயே வந்து சாப்ட்டுப் பாக்கணும்."

"அடுத்த வாட்டி நல்லெண்ணெ இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்தறேன்" என்பேன்.

ஒரு நிமிஷம் நிற்பார். அப்புறம் போய்விடுவார். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு.

இத்தனைக்கும் அவர் சமையலைப் புகழ்கிற ஆள் இல்லை. குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் போதும், "கம்மி" என்று ஒரே சொல்லில் தட்டைத் தள்ளுவார். அப்படிப்பட்டவர் புகழ்கிறார் என்றால், அந்த மரத்தடியில் என்னதான் இருக்கிறது? அவர் போய்ச் சேர்ந்து சில மழைக்காலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் புளி கரைக்கும்போதெல்லாம் அந்த மரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பார்க்காத மரம்!

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வேன் புறப்படத் தயாராக நின்றது. நான் தூக்கை உள்ளே நீட்டினேன். டிரைவர் புது ஆள். வேலூர்ப் பக்கமாம். கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏறலியாம்மா?"

"இல்லப்பா... நீங்க போய்ட்டு வாங்க."

வழக்கமாக இதோடு கதவு மூடிவிடும். இவர் மூடவில்லை.

"சீட்டு சும்மாத்தான் கெடக்குது. ஏறுங்கம்மா!"

இரண்டாம் தடவை!

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை. கால் யோசித்துவிட்டது. பார்த்தால் வேனுக்குள் நிற்கிறேன்... சாயம் போன வீட்டுப் புடவை, கையில் மஞ்சள் கறை, காலில் பாத்ரூம் செருப்பு.

முன் சீட்டிலிருந்து மகன் திரும்பினான். "அம்மா, உனக்குத்தான் டேம் பிடிக்காதே?"

"யாருடா சொன்னது?" இதை மனதுக்குள்தான் கேட்டேன். வெளியே சிரித்து வைத்தேன்.

வசந்தி தலையில் கை வைத்தாள். "அத்தை! கேஸ ஆஃப் பண்ணீங்களா? வீட்டப் பூட்டினீங்களா?"

இரண்டும் இல்லை. அவளே இறங்கி ஓடினாள். வரும்போது என் நல்ல செருப்பைக் கையில் எடுத்து வந்திருந்தாள். தங்கமான பெண்... ஒரு தடவைதான் கேட்பாள், அவ்வளவுதான்.

தண்டராம்பட்டு ரோட்டில் ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டு கௌரி, "என்னாக்கா, பேசவே மாட்டேன்றீங்க?" என்றாள். என்ன பேசுவது? என் வீட்டுக்காரர் எந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போயிருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேமைப் பார்த்தேன். தண்ணீர் வெள்ளை வெளேரென்று விழுந்தது. சாரல் மூக்குக்கண்ணாடியில் படிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். நான் மரம் தேடினேன்.

படிக்கட்டுப் பக்கம் புங்கமரம் ஒன்றல்ல, வரிசையாக நின்றன. அவருடையது எது? "எதுடா?" என்று மகனிடம் கேட்டிருக்கலாம்... வாய் வரவில்லை. நிழல் அடர்ந்த ஒன்றின் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கேயே பெட்ஷீட் விரித்தார்கள்.

வசந்தி தட்டுகளில் புளிசாதம் வைத்துக்கொண்டே வந்தாள். "அத்தை, உங்களுக்கு?"

"நீங்கள்லாம் சாப்டுங்கம்மா. நான் அப்புறமா..."

"சரி அத்தை." அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

பாருங்கள்! பாழாய்ப்போன வாய். தூக்கில் சாதம் இறங்கிக்கொண்டே போகிறது. கௌரிக்கு ஒரு கரண்டி, டிரைவருக்கு இரண்டு கரண்டி... இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் சட்டியைத்தான் வழிக்கப் போகிறேனா?

"வசந்தி, எனக்கும் வை."

குரல் எழும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

"வசந்தி! எனக்கும் வைம்மா."

இரண்டாம் தடவை கேட்டது, இந்த முறை நான். வசந்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் எதையாவது கேட்டு அவள் பார்த்ததே இல்லையே! தட்டு நிறைய வைத்தாள்.

ஒரு வாய் எடுத்துப் போட்டேன்.

உப்பு கம்மி.

சூடாக இருக்கும்போது சரியாக இருந்த உப்பு. ஆற ஆறச் சாதம் அதை இழுத்துக்கொண்டுவிட்டது. புளிப்பும் மங்கிவிட்டது, கடலையும் நமுத்துவிட்டது. எப்போதும் போடுகிற அதே அளவுதான் போட்டிருந்தேன். அப்படியென்றால் அந்த நாளிலும் இங்கே இது இப்படித்தானே இருந்திருக்கும்?

உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிற மனுஷன்... இதையா தனி ருசி என்றார்?

இன்னொரு வாய் போட்டுப் பார்த்தேன், அதே கம்மி. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் காதில்.

காலையில் ஒரு தடவை கேட்டார், சரி. சாயங்காலம் காலித் தூக்கை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றாரே, அது என்ன? "ஒரு வாட்டி நீயே வந்து சாப்ட்டுப் பாக்கணும்" என்றாரே... அதுதானே இரண்டாம் தடவை? கேட்டிருக்கிறார். வருஷம் தவறாமல் கேட்டிருக்கிறார். நான்தான் நல்லெண்ணெயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்த வசந்தி ஒரு வாய் மென்றுவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை... உப்பு லேசா கம்மியா இருக்குதுல்ல?"

"இல்லியே" என்று தட்டை நீட்டினேன். "இங்க சாப்ட்டா தனி ருசி. இன்னும் ரெண்டு கரண்டி வை."