பஜ்ஜிப் பாட்டை நான் ஏன் பாடுவதில்லை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கிட்டார் பிடித்தால் வலிக்காத கை எனக்குப் பேனா பிடித்தால் வலிக்கும். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்ததில் இரண்டு தரப்புக்குமே சந்தோஷம். ஆனால் போகிற ஊரிலெல்லாம் மேடைக்குக் கீழேயிருந்து "பஜ்ஜி! பஜ்ஜி!" என்று கத்துகிறார்கள். நான் பாடுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஊருக்கு ஒரு பொய் சொல்லி, எந்த ஊரில் எதைச் சொன்னேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. உண்மையை ஒரே தடவை எழுதிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒருவன் தன்னை ராக் கிட்டாரிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் எதிரில் இருப்பவர் முதலில் அவன் அம்மாவை நினைத்து வருத்தப்படுவார். நான் கற்றுக்கொண்டது ரேடியோ செட் கடையில். திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற கடை. படிப்பை விட்டதும் அங்கே சேர்ந்தேன். ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருவர் விட்டுப்போன எலெக்ட்ரிக் கிட்டார் அங்கே மூலையில் கிடந்தது. ஆறு கம்பியில் ஐந்துதான் இருந்தது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து விரல் நுனி காய்த்துப் போகும்வரை வாசித்தேன். இன்றைக்கும் எனக்குச் சூடான டம்ளர் சுடாது.

டிஸ்டார்ஷன் பெடலை, அதாவது கிட்டார் சத்தத்தை வேண்டுமென்றே கரகரவென்று ஆக்குகிற பெட்டியை, முதன்முதலில் மிதித்தது ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில். தர்மகர்த்தா வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, ஸ்பீக்கரு கிழிஞ்சிபோச்சி பாரு."

"கிழியலீங்க. இதுக்குப் பேருதான் ராக்கு."

"ராக்கோ கீக்கோ, சாமி பொறப்பட்ற வரிக்கும் கொஞ்சம் கம்மியா கிழி."

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் கிட்டார் வாசித்துப் பாடுவேன். பேஸ் கிட்டார் வாசிப்பவன் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பையன். ஆணி நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்கால அஸர் தொழுகையையும் முடித்துவிட்டு வருவான். டிரம்ஸ் என் சிநேகிதன். நாலாவது வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். கரும்பு போடுகிற குடும்பம். மற்ற நேரத்தில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுவான். அவர்கள் நிலத்து மோட்டார் கொட்டகைதான் நாங்கள் பயிற்சி செய்யும் இடம். அவன் அதிகம் பேசமாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

நான் எழுதிய பாட்டெல்லாம் யாரையாவது கிண்டல் செய்வதுதான். வராத டவுன் பஸ்ஸைப் பற்றி ஒன்று. எங்கள் கடை ஓனர் மண்டையில் தேய்க்கும் முடி வளரும் எண்ணெயைப் பற்றி ஒன்று. எனக்கு முதலில் ஆள் கிடைக்க வேண்டும், அப்புறம் மெட்டு, கடைசியில்தான் வரி. இப்படி இருபது பாட்டு எழுதியும் ஒன்றும் ஓடவில்லை. சினிமாப் பாட்டு வாசித்தால் உட்கார்ந்திருப்பார்கள். என் பாட்டு ஆரம்பித்தால் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போவார்கள். என் பாட்டால் பசியெடுக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். சிரித்துவிட்டு அடுத்ததாக ஒரு சினிமாப் பாட்டை எடுப்பேன்.

அந்தப் பங்குனியில் டிரம்ஸ்காரனுக்குப் பெண் பார்க்கச் சின்னசேலம் போனோம். துணைக்கு என்று என்னையும் கூப்பிட்டிருந்தான். அதுதான் அவன் செய்த தப்பு. பெண் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தாள். நல்ல குடும்பம். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. எல்லாம் முறைப்படி வந்தது. இவனுக்குப் பயம் வந்தால் சாப்பிடுவான், அது சின்ன வயதுப் பழக்கம். பெண் வந்து நின்றாள், இவன் தட்டைப் பார்த்தான். அவளுடைய அத்தை பஜ்ஜி வைத்துக்கொண்டே இருந்தார், இவன் தின்றுகொண்டே இருந்தான். ஏழு பஜ்ஜி. நான் எண்ணினேன். பெண் உள்ளே போன பிறகு அவளுடைய அப்பா கேட்டார்.

"இன்னா மாப்ள, புடிச்சிருக்குதா?"

இவன் தலை நிமிராமல் சொன்னான்: "நல்லா இருக்குதுங்க. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி."

 கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடியும் சிரித்தாள். கூடமே சிரித்துவிட்டது. "சித்திரை முடியட்டும், சொல்லி அனுப்புறோம்" என்று வழியனுப்பினார்கள்.

திரும்பும்போது பைக்கில் அவன் ஒரே ஒரு தடவை பேசினான்.

"சிரிச்சது அவதாண்டா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பாக்கவே இல்லியே."

"செருப்பு போடும்போது பாத்தேன். இன்னும் சிரிச்சிக்கினுதான் இருந்தா. எனக்கு இந்த எடம்தாண்டா வேணும்."

வீடு போய்ச் சேருவதற்குள் எனக்கு மெட்டு வந்துவிட்டது.

பொண்ணு பாக்கப் போனான் மாப்ள
பஜ்ஜியதான் பாத்தான்
பேரு இன்னான்னு கேக்கலடா
சட்னி இன்னான்னு கேட்டான்

மறுநாள் மோட்டார் கொட்டகையில் வாசித்துக் காட்டினேன். பேஸ்காரன் தரையில் உருண்டு சிரித்தான். டிரம்ஸ்காரனும் சிரித்தான். அப்புறம் குச்சியைக் கீழே வைத்தான்.

"டேய், இங்கியே பாடிக்க. வெளிய வுடாத. அவங்க வூட்ல இன்னும் பதிலு சொல்லல."

"பதிலு வர்ற வரிக்கும்தானே? சரிடா மாப்ள."

சத்தியம்கூடச் செய்தேன். பாட்டில் அவள் சிரித்ததை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் பையன் ஜெயித்துவிடுவான், வேடிக்கை குறைந்துவிடும்.

சித்திரை கடைசியில் கல்வராயன் மலையில் கோடை விழா. எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். என் பாட்டு இரண்டு வாசித்தோம். வழக்கம்போல ஜனம் எழுந்து பலாச்சுளைக் கடைப் பக்கம் நகர ஆரம்பித்தது. அந்த முதுகுகளைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கில் சொன்னேன்: "அடுத்த பாட்டு சின்னசேலத்துல நடந்த உண்மைச் சம்பவம். ஹீரோ இதோ பின்னாடி டிரம்ஸ்ல உக்காந்துகினு இருக்காரு!"

திரும்பி அவனைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். நான் அதற்குள் முதல் அடியை அடித்துவிட்டேன். டிரம்ஸ் இல்லாமல் பாட்டு பல்லிளித்துவிடும். இரண்டு வரி பொறுத்து அவனும் சேர்ந்துகொண்டான்.

முதுகெல்லாம் திரும்பி முகமானது. இரண்டாவது சரணத்தில் எனக்கு முன்னால் அவர்களே பாடினார்கள். யாரோ எடுத்த வீடியோ, நாங்கள் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வருவதற்குள் எங்கள் போனுக்கே வந்துவிட்டது. ஒரே வாரத்தில் திருநாவலூர், உளுந்தூர்பேட்டை என்று எங்கே பார்த்தாலும் அதுதான். பேனரில் என் தலை கிட்டாரைவிடப் பெரிதாக வந்தது.

அடுத்த இரண்டு மேடையிலும் டிரம்ஸ்காரன் "இன்னிக்கு வேணாம்டா" என்றான். இரண்டு தடவையும் பாடினேன். அதற்கப்புறம் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். பாட்டு அவனுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். "இன்னாடா, சின்னசேலம் பதிலு வந்துச்சா?" என்று நடுநடுவே கேட்பேன். "சொல்வாங்கடா" என்பான்.

ஆவணியில் சின்னசேலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பேசியிருந்தார்கள். இந்த மாதிரி மேடையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்திலிருந்து சீட்டு வரும். பத்திரிகையின் பின்பக்கம், காலண்டர் தாள், கையில் கிடைத்ததில் பாட்டின் பேரை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் அதை மனதுக்குள் படித்துவிட்டுப் பாடுவார்கள். நான் அப்படியே மைக்கில் படிப்பேன். எழுதியவரின் குரலைக் கற்பனை செய்து, இழுத்து, கோணங்கி செய்து படிப்பேன். பாட்டைவிட அதற்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. "ஒரு தபா கண்ணால பாத்துட்டு வாயால படிடா" என்று பேஸ்காரன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கு நாலாக மடித்த ஒரு சீட்டு கை மாறி வந்தது. உருண்டையான, அழகான கையெழுத்து. பொம்பளைக் கையெழுத்து என்றதும் எனக்குக் குஷி தாங்கவில்லை. குரலைக் கொஞ்சலாக மாற்றி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தேன்.

"அந்த பஜ்ஜியைச் சுட்டது நான்தான்..."

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு, விசில். அந்தச் சிரிப்பிலேயே என் வாய் ஓடியது. கண் பின்னால் வந்தது.

"...என் சொந்தக்காரங்க எல்லாரும் இங்க இருக்காங்க. அந்தப் பாட்டை மட்டும் இன்னிக்குப் பாடாதீங்க அண்ணா."

அதே கொஞ்சல் குரலில்தான் 'அண்ணா' வரை படித்து முடித்தேன். நான் படித்தது என்ன என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை வரிசையாக அணைந்தது. விஷயம் தெரிந்த சொந்தக்காரத் தலைகள் ஒவ்வொன்றாக ஒரே பக்கம் திரும்பின. அந்தத் தலைகளைப் பின்பற்றித்தான் நானும் அவளைக் கண்டுபிடித்தேன். பச்சைப் புடவை. அழவில்லை, எழுந்து போகவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் நான் அத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பாடாதே என்பதைக்கூட எவ்வளவு மரியாதையாகக் கேட்டிருந்தாள்! அதை ஊருக்கே ஒலிபரப்பிவிட்டேன்.

என் கை கம்பியில் இருந்தது, ஆனால் எந்தக் கம்பி என்று தெரியவில்லை.  திரும்பி டிரம்ஸ்காரனைப் பார்த்தேன். அவன் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. டிரம்மின் ஓரத்துத் திருகைக் குனிந்து முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு குச்சியை நாலு தடவை தட்டி வேறொரு பாட்டை ஆரம்பித்தான். பேஸ்காரன் பிடித்துக்கொண்டான். அந்தப் பாட்டு முழுக்க நான் சும்மா நின்றேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம், அவளுடைய அண்ணன் என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"தம்பி, நீங்கதான் அன்னிக்குக் கூட வந்தவரு, இல்ல?"

"ஆமாண்ணா."

"அவ வேலய வுட்டுட்டா, தெரியுமா? மருந்து வாங்க வர்றவன்லாம் பஜ்ஜி இருக்குதான்னு கேக்கறான். நீங்க ஊரு பேரோட இல்ல சொன்னீங்க."

"அண்ணா, நான் அவன கிண்டல் பண்ணிதான்..."

"அவர பண்ணீங்க. ஒரு ஆளு பஜ்ஜியப் பாத்துட்டுப் பொண்ணப் பாக்கலன்னா, பொண்ணு எப்படி இருக்கும்னு கேக்கறவன் நெனப்பான்? அத நெனச்சீங்களா?"

நான் நினைத்ததே இல்லை. நூறு தடவை பாடிய பாட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்கப்பா சரின்னு முடிவு பண்ணிட்டாரு தம்பி. வைகாசில தட்டு மாத்திக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். அவளுக்கும் புடிச்சிருந்துது. அப்பதான் வீடியோவ காட்டனாங்க."

சொல்லிவிட்டு, "சாப்ட்டு போங்க" என்று பந்தியைக் காட்டிவிட்டுப் போனார். நான் பந்திப் பக்கம் போகாமல் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றப் போனேன்.

அன்றைக்கு டிரம்ஸ்காரனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பதில் வரும் என்று அவன் காத்திருக்கிறான், வந்திருக்க வேண்டிய பதிலை நான் கெடுத்துவிட்டேன், இதை எந்த வாயால் சொல்வது? விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். மரவள்ளி ஏற்ற மலைக்குப் போயிருக்கிறான் என்றார்கள். பஸ் பிடித்தேன். கோமுகி அணை தாண்டி வளைவு வளைவாக வெள்ளிமலை ஏறும்வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வேடிக்கையாக ஆரம்பித்தால் அவன் சிரிப்பான், நடுவில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஒரு வேடிக்கையும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டோரம் வண்டி நின்றது. மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் ஒரு மூட்டையின் மறுமுனையைக் கண்ணால் காட்டினான். பிடித்தேன். நாலு மூட்டை ஏற்றினோம். ஐந்தாவதைப் பாதி தூக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"டேய், அவங்கப்பா உனக்குச் சரின்னு சொல்ல இருந்தாராண்டா. அவளுக்கும் உன்னப் புடிச்சிருந்துதாம். என் பாட்டாலதாண்டா கெட்டுப்போச்சி. நீ இன்னும் பதிலுக்குக் காத்துக்கினு இருக்கற, நான் உன் பின்னாலயே, இல்லடா, உன் முன்னாலயே நின்னு அதப் பாடிக்கினு இருந்தேன். சத்தியமா இனிமே பாடமாட்டேன்."

அவன் மூட்டையை வண்டியில் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அவங்கப்பா வேணாம்னு ஃபோன் பண்ணியே மூணு மாசம் ஆவுதுடா, உனக்கு ஓடுற ஒரே பாட்டு அதாச்சேன்னுதான் வாசிச்சிக்கினு இருந்தேன்."