சல்லடைக்கு அந்தப் பக்கம்

செல்வநாதன் சாமியாருக்கு ஒரு மகள் இருந்தாள். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. குரும்பகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பிரசவக் காய்ச்சலில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். உறவுக்காரர்கள் அவருக்கு இரண்டாம் தாரமாகப் பெண் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் குருமடத்தில் இடம் தேடிக்கொண்டார். தாரமிழந்தவன் குருவாகலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. பிள்ளையை வளர்க்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோட்டுச்சேரியில் மனைவியின் அக்காள் ஞானமேரி இருந்தாள். கைக்குழந்தை அமலராணியை அவளிடம் கொடுத்துவிட்டு, உலகத்தைத் துறந்தார். உலகம் கோட்டுச்சேரியில் வளர்ந்தது.

குருப்பட்டம் வாங்கிய மறு வருஷம், எழுபத்திரண்டில், கோட்டுச்சேரிக்குப் பக்கத்துப் பங்குக்கே அவரை அனுப்பினார்கள். இதை மேலிடம் கருணையால் செய்ததா, கவனக்குறைவால் செய்ததா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவன் எவனாவது "சாமியாருக்கு மகளா?" என்று வாயைப் பிளந்தால், உபதேசியார் சந்தனசாமி விவரம் சொல்வார். அவர் சொல்லும் விவரத்தில் பிழை இருக்காது. சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். கெடுதல் அதில்தான் இருந்தது.

பூசைக்கு வந்த ஒன்பது வயதுப் பெண்ணிடம் ஞானமேரி கோயில் வாசலிலேயே சொல்லிவைத்தாள்.

"இஞ்ச பாரு, அப்பான்னு கூப்பிட்டுடாத. ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க. எல்லாரும் சொல்ற மாதிரி நீயும் சாமின்னு சொல்லு."

செல்வநாதன் சற்றுத் தள்ளி நின்று அதைக் கேட்டார். 'பரவாயில்லை, சொல்லட்டும்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பிள்ளை கைகூப்பி, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்றது. "ஆசீர்வாதம்" என்றார். அப்பனும் மகளும் வெளியுலகில் பேசிக்கொண்டது ஏறக்குறைய அதோடு முடிந்தது.

ஆனால் சனிக்கிழமைகள் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருவார். அது தேக்கில் செய்த கூண்டு. பக்கவாட்டில் சல்லடைபோல் துளையிட்ட பலகை. பாவம் சொல்ல வருகிறவர் அந்தப் பக்கம் மண்டியிட வேண்டும். முகம் தெரியாது என்பது ஏற்பாடு. கோட்டுச்சேரி வட்டாரத்தில் யார் இருமினாலும் இன்னார் என்று தெரியும் என்பதால் ஏற்பாட்டுக்குப் பொருள் இல்லை. இருந்தாலும் அதை மதித்தார்கள்.

முதல் சனிக்கிழமையே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"சாமி, நான் பாவி. எங்கப்பா மேல கோவப்பட்டேன்."

செல்வநாதன் காதைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஏம்மா?"

"எங்கப்பா ஞானோபதேசத்துக்கு வந்த புள்ளைங்களுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தாரு. எனக்கும் எல்லாரையும் மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தாரு."

"அவரு பாரபட்சம் பாக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரும்மா."

"ஆமா சாமி. ஆனா கோவம் வந்துச்சு."

மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லும்படி அபராதம் விதித்து, தன்மேல் கோபப்பட்ட பாவத்தைத் தானே மன்னித்தார். அடுத்த வாரம் அவள் மறுபடி வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். பெரியம்மா அடித்தது, கணக்கில் தவறியது, கூடப் படிக்கும் ஜோசெஃபினின் பிரெஞ்சு ரிப்பனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, எல்லாம் அந்தத் துளைகள் வழியாகவே வந்தன. உள்ளே அவர் சாமி. அப்பா என்பவர் வெளியில் எங்கோ இருக்கிற மூன்றாம் மனிதர். அந்த மூன்றாம் மனிதரைப் பற்றி அவள் நிறையப் பேசினாள். இவரும் அவருக்காக வக்காலத்து வாங்கினார்.

இது சரியில்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நெடுங்காட்டுச் சாமியாரிடம் போய்ப் பாவம் சொல்லு என்று அவளை அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு முறை மகள் தன்னிடம் பேசுகிறாள். ஊர் வாயில் விழாமல் அவள் பேசக் கிடைத்த இடம் பூமியில் அது ஒன்றுதான். எந்த அப்பனுக்கு அதை மூட மனசு வரும்? அவர் மூடவில்லை. ஊரில் பங்குப் பேரவைச் சண்டையை விலக்கினார், தேரை எந்தத் தெரு முதலில் தூக்குவது என்று பஞ்சாயத்துச் செய்தார், வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் வயல் வரப்பில் செபம் சொன்னார். இதெல்லாம் கடமை. சனிக்கிழமைக்காகத்தான் வாரம் நகர்ந்தது.

அமலராணி வளர்ந்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்தாள். நெடுங்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சரானாள். அப்போது ஒர்த்தான்ஸ் அம்மாள் வந்து சேர்ந்தாள்.

ஒர்த்தான்ஸ் அம்மாள் காரைக்காலில் 'சொல்தா' எனப்பட்ட பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவரின் விதவை. பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சுப் பென்ஷன், பிரெஞ்சுக் காப்பி வடிகட்டி எல்லாம் உள்ளவள். மகன் ஆல்போன்ஸ் பாரீசுக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. இந்த மாதிரி மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க அந்த ஊரில் வரிசையே நிற்கும்.

"எனக்கு நகை நட்டெல்லாம் வேணாங்க சாமி," என்றாள் ஒர்த்தான்ஸ் அம்மாள். "கோயில் நெழல்ல வளந்த பொண்ணு. அது போதும். ஒரே மாசம் லீவு. கோயில்ல ஓலை வாசிச்சு, கலியாணத்த முடிச்சு, பேப்பரப் போட்டுட்டு அவன் போயிடுவான். பின்னாலயே இவளும் போயிடலாம்."

செல்வநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது வருஷமாக மகளுக்கு ஒன்றும் செய்யாத அப்பன் ஒரே மூச்சில் எல்லாம் செய்துவிடலாம் போலிருந்தது. அவள் தூரதேசம் போய்விட்டால் சந்தனசாமி குரலைத் தாழ்த்த வேண்டியிருக்காது என்ற எண்ணமும் மூலையில் எட்டிப் பார்த்தது. அதை அவர் பார்க்காததுபோல் இருந்தார். ஞானமேரி வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அமலராணி தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சாமி" என்றாள். சிரித்துக்கொண்டே கோயிலுக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை வந்தது.

"சாமி, நான் பாவி. ஒரு பொய் சொல்லிட்டேன். கலியாணம்னு வந்து சொன்னாங்க. சரின்னுட்டேன். எனக்கு மனசு இல்ல."

அவர் சல்லடைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. "வேற யாரையாச்சும்..."

"அதெல்லாம் இல்ல சாமி. மாப்பிள்ள பொண்ணு பாக்க வந்து உக்காந்தாரு. எம் மூஞ்சிய ஒரு தடவ பாத்தாரு. மிச்ச நேரமெல்லாம் திரும்பிப் போற பிளேனப் பத்தியே பேசினாரு. அவரப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. எனக்கு எங்கயும் போக வேணாம். எம் பள்ளிக்கூடம் இருக்கு, பெரியம்மா இருக்காங்க."

"அப்ப ஏம்மா சரின்ன?"

"எங்கப்பா ஆசப்பட்டுட்டாரு. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அன்னைக்குச் சிரிச்சாரு."

கூண்டுக்குள் காற்று இல்லை. "நீ போயி உங்கப்பாகிட்ட சொல்லணும்."

"எங்கப்பாகிட்ட நான் பேசினதே இல்லையே சாமி."

"நான் சொல்லட்டுமா அவருகிட்ட? நீ சரின்னா சொல்றேன்."

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். "வேணாங்க சாமி. யாருகிட்டயும் சொல்லாதீங்க. இஞ்ச சொல்லிட்டா வெளிய போவாதுன்னுதான் சொன்னேன்."

அத்தோடு கதவு சாத்தப்பட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியில் சொல்லக் கூடாது. சொன்னவரிடமே கூடப் பேச்சை எடுக்கக் கூடாது. கேட்டதை வைத்து ஒரு காரியமும் நடத்தக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் அவரே. அமலராணி நல்ல மாணவி.

பாவமன்னிப்புத் தராமல் நிறுத்திவைத்து, அப்பனிடம் பேசினால்தான் ஆயிற்று என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தார். சாராயம் காய்ச்சியவனுக்கும் அண்ணன் நிலத்தை வளைத்துப்போட்டவனுக்கும் அவர் மன்னிப்பு மறுத்ததில்லை. கையை உயர்த்திச் சிலுவை வரைந்தார். அபராதம் கொடுக்க மறந்துபோனார்.

அப்பனாக அவர் அதன்பின் செய்யக்கூடியது ஒன்றுதான்: மகளாக வெளியில் வந்து சொல்லும்படி அவளுக்கு இடம் கொடுப்பது. ஒரு மத்தியானம் காரணமே இல்லாமல் ஞானமேரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். காரணமில்லாமல் அவர் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஞானமேரி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தாள், பால் வாங்க ஓடினாள். அப்பனும் மகளும் தனியாக இருந்தார்கள்.

"பள்ளிக்கூடமெல்லாம் எப்படிம்மா?"

"நல்லா இருக்குங்க சாமி."

"பெரியம்மாவுக்கு ஒடம்பு?"

"பரவாயில்லீங்க சாமி."

அவர் காத்திருந்தார். அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'உனக்கு இதில் விருப்பம்தானே?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தெரிந்துகொண்டு கேட்பது ரகசியத்தை உடைப்பதல்லவா? தெரியாத அப்பன் கேட்கலாம். தெரியாத அப்பன், தெரியாமல் இருந்தபோது கேட்கவில்லை. ஞானமேரி பாலோடு வந்தாள். சாமியார் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

இனி மிச்சம் ஓலை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, ஏதாவது தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். செல்வநாதன் தானே வாசித்தார். தடை தெரிந்த ஒரே ஆள் அவர். அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆளும் அவர். இருவரும் ஒரே அங்கிக்குள் நின்று, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் அந்தோணிமுத்து என்ற பெரிய மிராசுதாரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"சாமி, அந்த ஓலை விஷயமா ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

செல்வநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்டாட்டி இருக்கலாம், கடவுள் பெரியவர். "சொல்லுங்க, சொல்லுங்க. எதுவா இருந்தாலும் மனசுல வச்சுக்காதீங்க."

"எம் மவனுக்கு ஓலை படிச்சப்ப மைக்கு வேலை செய்யல. சந்தனசாமி பேட்டரி எறங்கிடுச்சுன்னாரு. ஒங்க மவளுக்கு மட்டும் வாய்க்கால் வரைக்கும் கேக்குது. நாங்கல்லாம் என்ன சாமி, பங்குல இல்லையா?"

"இல்லீங்க..." என்றார் செல்வநாதன். "வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற என்ன இருக்கு? தங்கமான எடம். ஒங்களுக்கு என்னங்க கொற."

கலியாணத்தை நெடுங்காட்டுச் சாமியாரை வைத்து நடத்தச் சொல்லிப் பார்த்தார். ஒர்த்தான்ஸ் அம்மாள் ஒப்பவில்லை. "அப்பாவே மந்திரிச்சுக் குடுக்குற தாலி யாருக்குங்க கெடைக்கும்?" என்றாள். கிடைத்தது. பீடத்துக்கு முன்னால் இருவரையும் நிறுத்தி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்கும் இடம் வந்தது. புத்தகத்தில் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. செல்வநாதன் இடைவெளி விட்டார். கோயில் முழுக்கக் காத்திருந்தது. விசிறிகள் நின்றன. சந்தனசாமி, சாமியார் வரியை மறந்துவிட்டாரோ என்று புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அமலராணி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பரீட்சையில் பிள்ளைக்குப் பதில் எடுத்துக்கொடுக்கும் டீச்சரைப்போல மெல்லத் தலையசைத்தாள்.

"சம்மதம், சாமி."

ஊர் அன்று அவர் கண் கலங்கியதைப் பார்த்தது. பெற்ற மனம் என்று சொல்லிப் பாராட்டியது.

அதற்கப்புறம் புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். பனியில் நிற்கும் போட்டோ வரும். பெரிய கோட்டுக்குள் சின்ன முகம். பின்பக்கம் 'எல்லோரும் நலம் சாமி' என்றிருக்கும். ஞானமேரி செத்தபோது தந்தி கொடுத்தார்கள்; லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் அவர் கூண்டில் உட்கார்ந்தார். அவர் காது மந்தமாகி வருவதாக ஊரில் சொன்னார்கள். அது உண்மையல்ல.

எண்பத்தெட்டில் ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு அமலராணி வந்தாள். ஆல்போன்ஸ் வரவில்லை, வேலை என்றாள். நான்கு வயது மகளைக் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பிள்ளை, பாதிப் பிரெஞ்சும் பாதித் தமிழுமாக, கோயில் வாசலில் ஊர்ப் பெண்களுக்கு நடுவில் அவர் அங்கியைப் பிடித்திழுத்து, "தாத்தா, அந்த மணிய அடிக்கட்டா?" என்று கேட்டது. அதனிடம் யாரும் எதையும் சொல்லிவைக்கவில்லை. பெண்கள் சிரித்தார்கள். ஊர் ஒன்றும் பேசவில்லை. பேசும் என்று பயந்தவர்கள்தான் செத்தும் கிழண்டும் போயிருந்தார்கள்.

"எப்படிம்மா இருக்க?" என்றார் மகளிடம்.

"நல்லா இருக்கேங்க சாமி." இடது மணிக்கட்டில் கண்ணாடி வளையலுக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று இருந்தது. அவர் பார்த்ததை அவள் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம். உதவிக்கு நெடுங்காட்டுச் சாமியார் வந்து, எதிர்ச்சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிசை. கூண்டுத் திரையின் இடுக்கு வழியாக செல்வநாதனுக்கு எல்லாம் தெரிந்தது. அமலராணி முக்காடிட்டு அவர் வரிசையில் நின்றாள். ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரே ஒரு கிழவி இருந்தபோது, அவர் சல்லடைப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்தார். இந்தத் தடவை என்ன ஆனாலும் சரி, திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய் அவளிடம் அப்பனாகப் பேசிவிடுவது என்று இருந்தார்.

கிழவி எழுந்து போனாள். அமலராணி கூண்டை ஒரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி, கோயிலைக் குறுக்கே கடந்து, நெடுங்காட்டுச் சாமியார் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அவருக்குப் பாரம் வேண்டாம் என்று நினைத்தாளா, இனி சொல்லிப் பயனில்லை என்று நினைத்தாளா என்று அவரால் கேட்க முடியாது. கேட்கக் கூடாது என்று இந்தத் தடவை எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த ஆள் வந்து மண்டியிட்டார். அந்தோணிமுத்துவின் இருமல்.

"சாமி, நான் பாவி," என்றது குரல்.

"சொல்லுங்க," என்றார் செல்வநாதன்.