ஆணி ருசிக்கும் ஒரு பெயர்

பம்பாய்க்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. 1966 ஜூலையில் அத்தான் ஒரு கார்டு போட்டிருந்தார். அக்காவுக்கு ஐந்து மாதம், சாப்பிடுவதே இல்லை, வந்து ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று.

அக்காவுக்குச் சொற்கள் ருசிக்கும். எனக்கு ஒலிகள் நிறமாகத் தெரியும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று சிறுவயதில் நினைத்திருந்தோம். பிறகு கல்லூரியில், ஓர் உளவியல் புத்தகத்தில் இதைப் பற்றி அரைப் பக்கம் படித்தேன். மருந்து எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அத்தானின் பெயர் அவள் நாக்கில் துருப்பிடித்த ஆணி. கல்யாணத்துக்கு முன்பே சொன்னாள். "புருசன் பேர நாம எங்கல சொல்லப் போறோம்?" என்று அவளே சிரித்தாள்.

காலை ஏழு மணிக்குத் தாதரில் இறங்கி, லோக்கல் ரயிலில் மாதுங்கா. அங்கே இட்லி, காப்பி. பிறகு பஸ், பத்துப் பைசா. "ஆகே படோ!" என்று முன்னே நகரச் சொல்லிக் கண்டக்டர் கத்தியது செங்கல் நிறம். கடைசி அரை மைல் நடை. தோல் கிடங்குகளைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தாதீர்கள், பார்ப்பார்கள்.

வாசலில் அக்காவின் மாமியார். "வாய்யா. உங்க அக்காளுக்கு என் மவன் பேரு கசக்குதாம்லா. பேரு என்ன பாவக்காயா?"

உள்ளே அக்கா கஞ்சித் தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். தெருவில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தம்ளரைக் கீழே வைத்தாள். கூப்பிட்டது அத்தானை அல்ல, எதிர்வீட்டுக்காரரை. அது குலசாமி பெயர். ஓர் ஊரே வந்து குடியேறிய தெருவில் நாலு பேருக்கு அதே பெயர். புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கம் அவள் வாயை மட்டுமே மூடுகிறது.

அத்தான் நல்லவர். கைப்பைகளுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். "பேர மாத்திருவோம்னு பாத்தேன், மாப்ள. ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்."

"சாமி பேர மாத்துவியோ? தலைப்பிள்ளைக்கும் அதாம்ல பேரு," என்றார் மாமியார்.

அக்கா வயிற்றின் மேல் கை வைத்தாள்.

"வாக்கா, ஊருக்குப் போயிருவோம்," என்றேன்.

"பிள்ளையும் கூடல்லா வரும். நான் ராசான்னு கூப்பிட்டுக்கிடுவேன். மத்தவங்க?"

மழை. தகரக் கூரையில் ஈயத்தின் நிறம்.

"என் குரல் இப்ப என்ன நெறம்ல?"

முன்பு எலுமிச்சம்பழ மஞ்சள். இப்போது நனைந்த சுவர்.

"மஞ்சள்தான்."

"மஞ்சள்னு கேட்டா பலாச்சுளையா ருசிக்கும். இப்ப அதுவும் ஆணிதான்."

மறுநாள் தனியாகத் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் குடை போதாது, ரப்பர் செருப்பும் வேண்டும். அந்தத் தெருக்களில் தமிழே போதும். யாரையாவது தேடிப் போனால், தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வாசல்வரை போய்க் கதவைத் தட்டுங்கள்.

அத்தானின் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. அக்கா படிப்பாள்.