சத்திரக்காரர் கேட்காத கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஜப்பான்கார விளையாட்டை ஒருவழியாக முடித்துவிட்டேன். அரக்கராசன் செத்தான், ஊரெல்லாம் விளக்கு எரிந்தது, என் வீரன் மலைமேல் நின்று கடலைப் பார்த்தான். அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று கம்ப்யூட்டருக்கு ஓங்கி ஒரு குத்து விடலாம் போல இருந்தது. ஆனால் என் ஆத்திரம் அரக்கன்மேல் இல்லை. வழியில் பனி கொட்டும் ஊரில் ஒரு சத்திரம் வரும். ஆத்திரம் அங்கே தொடங்கியது.

நான் வேலை செய்வது எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. வெளிநாட்டுக்கு மெயில் அனுப்ப முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதை மாட்டிக் கொடுக்க வந்த ஆள், சும்மா இருக்கட்டும் என்று இந்தப் பழைய விளையாட்டையும் ஏற்றிவிட்டுப் போனான். கட்டம் கட்டமான பொம்மைகள். நாலு பேர் ஊர் ஊராக நடப்பார்கள், சண்டை போடுவார்கள், பார்க்கிற ஆளிடமெல்லாம் பேசுவார்கள். பேச்சு முழுக்க இங்கிலீஷ். எனக்கோ சாம்பிள் துணி வெட்டத் தெரியும். இங்கிலீஷில் யெஸ், நோ தெரியும்.

மெயில் அடிக்க தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மதியம் சாப்பிட்ட கையோடு நான் பட்டனை அமுக்க, அவள் திரையில் வருவதைத் தமிழில் சொல்வாள். அத்தனையும் அவள் ஊர்ப் பேச்சுதான். அரக்கன், "ஏலே, எங்க வந்து நிக்க? ஓடிப் போயிரு!" என்பான். வழியில் வரும் கிழவி, "எய்யா, சாப்ட்டியா?" என்பாள். எனக்குச் சிரித்துப் புரையேறிவிடும்.

"எங்கூர்ல அரக்கனே ஆனாலும் 'கொஞ்சம் நில்லுங்க'ன்னுதானுங்க சொல்லுவான்," என்பேன்.

"வெட்ட வாரவனும் 'ங்க' போட்டா வெளங்குமா?" என்று மடக்குவாள்.

அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

கிறிஸ்துமஸுக்கு அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அந்தச் சத்திரத்தில் நுழைந்தோம். திரையில் ஒரு கேள்வி. கீழே யெஸ், நோ. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"என்னங்க கேக்குது?" என்றேன்.

எங்கள் நாலு பொம்மைகளில் வைத்தியம் பார்க்கும் பெண் ஒருத்தி உண்டு. "அந்த வைத்தியக்காரப் புள்ள கேக்கா," என்றாள். பிறகு மெல்ல, "ஊட்டுல வரச் சொல்றாங்க. நான் போகாம இங்கயே இருந்துக்கட்டுங்களா?"

நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த சண்டைக்கு அவசரம். "போகட்டுமுங்க, நமக்கென்ன?" என்று நோவை அமுக்கினேன்.

"சரிங்க," என்றாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. பொங்கல் கழிந்து கல்யாணப் பத்திரிகைதான் வந்தது. ஆபீஸ் சார்பில் ஒரு சுவர்க்கடிகாரம் அனுப்பினோம். கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான்தான்.

மெயில் வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரன் திட்டித் திட்டியே எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. விளையாட்டை மட்டும் தொடவில்லை. மூன்று வருடம் போய், கம்ப்யூட்டரை மாற்றப் போவதாக முதலாளி சொன்னார். அதற்குள் முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து திறந்தேன். விட்ட இடம் அந்தச் சத்திர வாசல்தான். உள்ளே போனேன். அதே யெஸ், நோ. மேலே, மீசைக்காரச் சத்திரக்காரர் கேட்கிறார்: "இன்றிரவு தங்குகிறீர்களா?"

அவ்வளவுதான் கேள்வி. வைத்தியக்காரப் பெண் வாயே திறக்கவில்லை. வெளியே போய் மறுபடி வந்து பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை.

அட மரமண்டையே! கிழவியிலிருந்து அரக்கன்வரை எல்லோரையும் தன் ஊர்க்காரராக்கியவள், அந்த ஒரே ஒரு வரியை மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாளே, யாருக்காகச் சொன்னாள்? அவள்மேலும் கோபம் வந்தது. என்னை நேராகக் கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாள்? எங்கள் வீட்டில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார்கள், அது வேறு. நான் இருக்கத்தான் சொல்லியிருப்பேன்.

யெஸ்ஸை அமுக்கினேன். ஆபீசில் யாருமில்லை. "இருந்துக்குங்க," என்று வாய்விட்டே சொன்னேன்.

சத்திரக்காரர் நன்றி சொன்னார்.