கல்லில் ஒரே ஒரு பெயர்

இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, விடுமுறை நாளொன்றில் பழைய ரோமானியர் மதிலைப் பார்க்கப் போனேன். அதில் ஒரு கல்லில் எழுத்து இருந்தது. கூட வந்த யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையைப் படித்துச் சொன்னார்: "இந்தத் துண்டை ஒரு படைப்பிரிவு கட்டினது. இது அவையின்ர தலைவன்ர பேர்." ஒரே பெயர். எனக்குச் சிறுமலையில் விட்டுவந்த கல் நினைவுக்கு வந்தது.

ஏழாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். சிறுமலைப் பாதையில் தடுப்புச்சுவர் கட்டிய கூட்டத்தில் கல் சுமந்தேன். எங்கள் மேஸ்திரி அகரத்துக்காரர். ஒவ்வொரு கூட்டமும் தன் பங்கு முடிகிற இடத்தில் மேஸ்திரி பெயரை வெட்டிய கல் ஒன்றை வைக்கும். எங்கள் மேஸ்திரி மட்டும் தன் பெயருக்குக் கீழே எங்கள் எல்லோர் பெயரையும் வெட்டினார். எங்கள் கூட்டத்துச் சித்தாள் அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

"ரேஷன் கார்டுலயே எம் பேரு தப்பாத்தேன் இருக்கு. இதுலயாச்சும் ஒழுங்கா வெட்டுங்கண்ணே."

"வெட்டுறேன் தாயி. உம் பேச்சையும் சேத்து வெட்டணும்னா இந்த மலையே பத்தாது."

ஐப்பசி மழையில் எங்கள் பங்குச் சுவர் சரிந்தது. வாழைத்தார் ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் உருண்டு ஓட்டுநர் இறந்துபோனார். சிமென்டைக் குறைத்துக் கொடுத்தது காண்ட்ராக்டர். அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கூலியாட்களுக்கு வேறு பதிவு கிடையாது. விழாமல் நின்ற அந்தப் பெயர்க்கல்தான் சாட்சி. போலீஸ் மலையேறி வருவதாகச் சேதி வந்தது.

மேஸ்திரி உளியோடு கல்லின் முன் உட்கார்ந்தார். தன் பெயரைத்தான் முதலில் அழிப்பார் என்று நினைத்தேன். அடியிலிருந்து தொடங்கினார். முதலில் போனது என் பெயர்.

"எம் பேர விட்ருங்கண்ணே. தப்புன்னா எல்லாருக்குந்தான?" என்றாள் அக்கா.

"அங்கிட்டுப் போ தாயி. நீ உள்ள போயிட்டா உம் புள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, வெறிச்சுப் பாக்காம பொடியத் தட்டிவிடு."

தட்டிவிட்டேன். தன் பெயரை அவர் தொடவே இல்லை. போலீஸ் வந்து படித்து, அவரை மட்டும் கூட்டிப்போனது. நாங்கள் மலையிறங்கித் திசைக்கொருவராகப் போனோம். அவர் சிறையிலேயே இறந்ததைப் பின்னாளில் பேகம்பூர் டீக்கடை ஒன்றில் யாரோ சொல்லக் கேட்டேன். டீயை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"சுமந்தவன்ர பேர் ஒண்டுமில்லை, பாத்தியே? தலைவன்மார் எப்பவும் இப்பிடித்தான்" என்று மதிலருகே நின்ற யாழ்ப்பாணத்துக்காரர் சிரித்தார். நான் குனிந்து, அந்தப் பெயருக்குக் கீழே உளித்தடம் ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன்.