ஒரே கீபோர்டில் இரண்டு பேர்

முதல் நாள்

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது என் மகளுக்கு ஒன்றேகால் வயது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு வந்திருந்தேன். சென்டர் முதலாளியை எல்லோரும் சார் என்றுதான் அழைப்போம். அவர் வாசலிலேயே நிறுத்தி, "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க. மெசினுக்குத் தூசி ஆகாதுங்க" என்றார். உள்ளே ஏசி. சார் மேசையில் போன் அடிக்கும்போதெல்லாம் குழந்தைக்கு என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். ஒரு போன்கூட எனக்கு வந்ததில்லை. இருந்தாலும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

புதிதாகச் சேரும் பயிற்சியாளர்கள் படிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சார் கேட்டார். மெசின் பராமரிப்பைப் பற்றித்தான் கேட்டார். நான் எழுதியிருப்பது அதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

டாஸும் விண்டோஸும்

அப்போது எங்களிடம் கறுப்புத் திரையுடன் ஐந்து டாஸ் மெசின்களும், கலர் மானிட்டருடன் இரண்டு விண்டோஸ் மெசின்களும் இருந்தன. ஒரு மெசினுக்கு இரண்டு மாணவர்கள் என்பது சென்டரின் விதி.

நான் கல்லூரியில் படித்தது டாஸ். எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும். கட்டளையைச் சரியாக அடித்தால் வேலை செய்யும், தப்பாக அடித்தால் தப்பு என்று சொல்லிவிடும். விண்டோஸ் பார்க்க அழகு, கற்றுக்கொடுக்கவும் சுலபம். ஆனால் கோளாறு வந்தால் பேச்சை மாற்றும். சேர்ந்த முதல் வாரத்தில் பிரிண்ட் வரவில்லை. திரையில் ஒரு பெட்டி வந்து மெமரி போதவில்லை என்றது. அரை நாள் மெமரியோடு போராடினேன். கடைசியில் பார்த்தால் பிரிண்டர் கேபிள் கழன்று கிடந்தது. அந்தப் பெட்டியில் 'ஓகே' என்ற ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கும். நமக்குச் சம்மதமோ இல்லையோ, அதை அழுத்தித்தான் ஆக வேண்டும்.

கார் ரேஸ்

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் கேம்ஸ் விளையாட அனுமதி உண்டு. கேம்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு வாரம் டைப் அடித்தும் பிடிபடாத கீபோர்டு, கார் ரேஸ் விளையாடினால் இரண்டே நாளில் கைக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். என் மகள் பெரியவளானதும் இப்படியே சொல்வேனா என்று தெரியவில்லை.

அந்த ரேஸை ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம். இடப்பக்க எழுத்துகள் ஒருவருக்கு, வலப்பக்க அம்புக்குறிகள் இன்னொருவருக்கு. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார முடியும்.

இரண்டாவது விண்டோஸ் மெசினில் கவிதாவும் ஸ்டெல்லாவும் ஜோடி. கவிதாவுக்குப் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கிராமம், அப்பாவுக்குத் தென்னந்தோப்பு, மாட்டு வியாபாரம். ஸ்டெல்லாவின் அப்பா சிங்காநல்லூரில் ஒரு பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுபவர்.

"ஏ புள்ள, எதுக்கு என் வண்டிய இடிக்கற?"

"ரோடு என்ன உங்கப்பன் தோப்பா? நவுந்து ஓட்டு."

இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் கவிதாவின் அப்பா உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"நீ யாரு கண்ணு? எந்தூரு?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். அவள் அப்பா பெயரைச் சொன்னாள். சிரிப்பு குறையவில்லை.

"அட, நம்ம தோப்புல தண்ணி கட்டீட்டிருந்த மாறனோட பேத்தியா நீ! உங்கப்பன் இப்ப டவுன்ல இருக்கானா?"

"இருக்காருங்க" என்றாள் ஸ்டெல்லா.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, படிக்க அனுப்பிச்சா இதுக விளையாடீட்டு இருக்குதுங்களே. இது நல்லாவாங்க இருக்குது?"

அதையே சாரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எங்களுக்கு வந்த மாணவர்களில் பாதிப் பேர் அவர் சொல்லி வந்தவர்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "கேம்ஸ் எல்லாத்தையும் அழிச்சுப்போடுங்க" என்றார். அழித்தேன். எதை அழிக்கும் முன்பும் ஒரு நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். கார் ரேஸை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி மேசை டிராயரில் போட்டேன்.

அத்துடன் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

திரும்பவும் வந்தார்

அடுத்த மாதம் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுக்க எங்கள் சென்டருக்கு வருவதாக இருந்தது. டெஸ்ட் முழுக்க விண்டோஸில். ஸ்டெல்லாவுக்கு அந்த வேலை அவசியம் தேவை. அவள் அப்பா பட்டறையில் கையில் அடிபட்டு, பாதி நாள் வீட்டில்தான் இருந்தார்.

கவிதாவின் அப்பா மறுபடி வந்தது அந்தச் சமயத்தில். சாரைப் பார்த்துப் பேசினார். சார் என்னைத் தனியாக அழைத்தார்.

"ஸ்டெல்லாவ டாஸ் மெசினுக்கு மாத்திருங்க. மெசின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். நமக்கு எதுக்குங்க பொல்லாப்பு?"

"டெஸ்ட் விண்டோஸ்லங்க சார்."

"தெரியுமுங்க" என்றார் சார். அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கி சென்டர் நடத்துபவர்.

மாற்றினால் ஸ்டெல்லாவுக்கு வேலை போகும், மாற்றாவிட்டால் எனக்கு. தீர யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. கவிதாவின் அப்பாவிடம் ஒரு தடவை காரணம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சாரிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனேன். அவர் கவிதாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"கேம்ஸ் எல்லாம் எடுத்தாச்சுங்க" என்றேன்.

"நல்லதுங்க அம்மணி. அப்படியே அந்தப் புள்ளைய வேற பக்கம் உக்கார வெச்சுப்போட்டா ஆச்சு."

"ஸ்டெல்லா ஏதாவது தப்புப் பண்ணுச்சுங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க."

"பேசிப் பேசிப் படிப்பு கெடுதுங்களா?"

"அதுக்கில்லீங்க. ரெண்டு பேரு எட்டி எட்டிப் பாத்தா பாப்பாவுக்குக் கண்ணு வலிக்குதாமா."

"நாளைக்கே திரைக்கு ஃபில்டர் கண்ணாடி மாட்டித் தர்றேனுங்க."

அவர் மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஒருத்தர் தொட்ட பொத்தானையே இன்னொருத்தர் தொட்டா, சளி கிளி புடிக்குமுங்க."

"துணி வெச்சிருக்கோமுங்க. மணிக்கொருக்கா நானே தொடச்சுத் தர்றேன்."

அறையில் கீபோர்டு சத்தம் நின்றுபோயிருந்தது. ஸ்டெல்லா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேற என்னன்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சு தர்றேனுங்க" என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "அம்மணிக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"சென்னிமலைங்க."

"அங்க யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

அவர் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியும். "எங்கப்பா ஊட்டுப் புள்ளைங்க" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினால் கவிதா.

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. "சரிங்க" என்றார். பிறகு, "பையை எடு கண்ணு, போலாம்" என்றார். கவிதா எழுந்து போனாள்.

சார் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, "ஃபில்டர் மாட்டறேன்னு சொல்லிப்போட்டீங்க. அதையாவது வாங்கி மாட்டுங்க" என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை.

சந்தை நாள்

ஸ்டெல்லாவின் இடம் தப்பியது. பக்கத்து நாற்காலி காலியானது. அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஒரு பெண்ணின் இடத்தைக் காப்பாற்றப் போய் இன்னொரு பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே போனேன். வேறு மாதிரிப் பேசியிருந்தால் இருவருமே இருந்திருப்பார்களோ என்னவோ. எப்படிப் பேசியிருக்கலாம் என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கவிதா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா பொள்ளாச்சி சந்தைக்குப் போயிட்டாருங்க மிஸ். பொழுதோடதான் வருவாரு. அம்மாதான் சீக்கிரமா போயிட்டு வந்துருன்னு அனுப்புச்சாங்க."

நேராகத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஸ்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாரத்துக்கு ஒரு நாள் வந்து நீ என்னத்தப் படிக்கப் போற?"

"உன் வண்டிய இடிக்க ஒரு நாள் போதும் புள்ள."

"வண்டி எங்க இருக்குது? அதைத்தான் உங்கப்பா அழிக்கச் சொல்லிட்டாரே."

பிறகு ஸ்டெல்லா மவுஸை அவள் பக்கம் தள்ளி, விட்டுப்போன பாடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கடைசிப் பத்து நிமிடத்தில் நான் டிராயரைத் திறந்து ஃபிளாப்பியை எடுத்தேன். சார் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் சந்தை நாள்தோறும் கவிதா வந்தாள். டெஸ்ட் நடந்தது சந்தை இல்லாத ஒரு நாளில். ஸ்டெல்லா எழுதினாள், தேர்வானாள். ஸ்டெல்லாவைவிட வேகமாக டைப் அடிக்கும் கவிதா அன்று வீட்டில் இருந்தாள்.

ஸ்டெல்லா திருப்பூர் போன பிறகு வந்த சந்தை நாளில், அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்து கவிதாவுடன் கார் ஓட்டினேன். என் வண்டி சுவரில் மோதிக்கொண்டே இருந்தது.

"ஸ்டெல்லா அங்க யாருகூட உக்காருதுங்க மிஸ்?" என்று கேட்டாள்.

"தனி மெசின் குடுத்திருக்காங்களாமா."

கவிதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள். "எங்கப்பா எனக்குக் கேட்டதுங்க அது."

புதிதாக வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். திரையில் வரும் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எழுந்து போய்க் கேபிளையும் பாருங்கள். யாராவது ஒரு மாணவரை இடம் மாற்றச் சொன்னால், காரணத்தை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், மரியாதையாகவே. சொல்ல முடிந்த காரணமாக இருந்தால் நான் உடனே மாற்றிவிடுகிறேன். சொல்ல முடியாத காரணத்துக்காக நாற்காலியை நகர்த்துவதில்லை.