வெளியே தொங்கிய பூட்டு

வங்காளிகள் நிறைந்த பாலிகஞ்ச் பகுதியில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டு வேலைக்கு மாலதி என்ற பத்து வயதுப் பெண். என் மகளுக்கும் அதே வயதுதான். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகும்போது, மாலதியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவேன். யார் தட்டினாலும் குரல் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். எல்லாம் பாதுகாப்புக்குத்தான் என்று நினைத்தேன்.

ஒரு மதியம் மகளோடு திரும்பினால் தெருவில் கூட்டம். கீழ்த்தளக் கிடங்கில் தீப்பிடித்து, மாடிப்படியெல்லாம் புகை. நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை! உங்க கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தோம், சத்தமே இல்லை. பூட்டும் தொங்குது. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சோம்."

மகளை அவரிடம் தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினேன். அவசரத்தில் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. மாலதி குளியலறை மூலையில் ஈரத்துணியால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி குரல் கொடுக்கலை?" என்று கத்தினேன்.

"பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே, மாசிமா" என்றாள், எங்களிடம் கற்ற தமிழில்; சித்தி என்பதற்கு மட்டும் அவளுடைய வங்காளச் சொல்.

இப்போது மாலதி கார்ப்பரேஷன் பள்ளிக்குப் போகிறாள். ஒரு சாவி அவளிடமே இருக்கிறது. ஆனாலும் வெளியே கிளம்பும்போது, கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்பதற்காக உள்ளே யாரும் இல்லை என்று நான் நம்புவதில்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறேன்.